கண்ணாடி அலுமாரியில் ஒரு நுணுக்குக்காட்டி

பிள்ளைகளுக்கான விஞ்ஞானப் புத்தகமும் பரிசுப் பொருளும் விற்கிற கடைக்குப் பிள்ளைகளைத் தவிர எல்லோரும் வாங்க வருவார்கள். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் பதினொரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். யாருக்கு எதை விற்கிறேன் என்பது இன்னும் பிடிபடவில்லை. அக்காவின் மகளுக்கோ பேரனுக்கோ 'அறிவு வளர' ஏதாவது வாங்கப் போய், பெட்டிகளுக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அப்படித்தான் நிற்கிறேன். ஒரு நாளும் படிப்பித்ததில்லை. ஆனாலும் எல்லோருக்கும் நான் ரீச்சர்.

ஒட்டிய பெட்டி

சல்லிக் கிராமத்திலிருந்து சுமதி மகளோடு வந்தாள். கருவாடு போடுகிற குடும்பம். மகள் ஆரபிக்குப் பத்து வயது. மீன் செதிலைப் பெருப்பித்துப் பார்க்க அவளுக்கு நுணுக்குக்காட்டி வேண்டுமாம். புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணினால் வாங்கித் தருவதாகத் தாய் வாக்குக் கொடுத்திருந்தாள். பிள்ளை பாஸ் பண்ணிவிட்டது.

ஒட்டைப் பிரித்தால் பெட்டியைத் திருப்பி எடுப்பதில்லை என்பது கடைச் சட்டம். அதனால் திறந்து காட்ட ஏலாது என்றேன். ஆரபி பெட்டியைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தாள். "அப்ப உள்ளுக்கு நுணுக்குக்காட்டிதான் இருக்கெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும், ரீச்சர்?"

வடக்கு

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா வந்து, பெருநாளுக்கு மகளுக்கென்று இரண்டு காந்தமும் அதைப் பற்றிய படப் புத்தகமும் வாங்கிப் போனார். கடலுக்குப் போகிறவர். நாலாம் நாள் திரும்பி வந்தார், முகம் சரியில்லை. புத்தகத்தில் சொன்னபடி மகள் வாப்பாவின் திசைகாட்டிக்குப் பக்கத்தில் காந்தத்தைப் பிடித்துப் பார்த்திருக்கிறாள்; பிறகு அதைத் திசைகாட்டிப் பெட்டிக்கு அடியிலேயே மறந்து வைத்துவிட்டாள். நல்ல வேளை, கரை மறையுமுன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

திருப்பித் தரத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ புத்தகத்தின் அடுத்த பாகம் இருக்கிறதா என்று கேட்டார். "ஏன் அப்பிடித் திரும்புதெண்டு அவ கேக்குறா, ரீச்சர். நேத்து விடியக்காலை முழுக்க வடக்கு என்ட மகள் வெச்ச இடத்திலதான் இருந்தது."

சாட்சி

சல்லி அம்மன் கோயிலுக்குப் போன அன்று சுமதி வீட்டுக்கும் போனேன். முன்னறையில் கண்ணாடி அலுமாரி. அதற்குள், பரிசுக் கேடயத்துக்கும் பீங்கான் அன்னத்துக்கும் நடுவில், நான் விற்ற நுணுக்குக்காட்டி. பெட்டியோடு. மூன்று மாதமாகியும் ஒட்டுப் பிரியவில்லை. சாவி சுமதியின் இடுப்பில்.

ஆரபி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய், வெறும் நெருப்புப்பெட்டிகளுக்குள் சேர்த்து வைத்திருந்ததைத் திறந்து காட்டினாள். சூடை மீன் செதில், நுளம்பின் சிறகு, உப்புக் கல். மாதம் எழுதி அடுக்கியிருந்தாள்: முதல் மாதம் ஒன்பது பெட்டி, அடுத்த மாதம் மூன்று, இந்த மாதம் ஒன்றுமில்லை. ஒரு பிள்ளையின் ஆசை அணைவதை இப்படி வரிசையாக நான் கண்டதில்லை. பாவம், திறந்து குடு என்று சுமதியிடம் சொன்னேன். "இவளிட்டக் குடுத்தா ஒரு கிழமையில உடைச்சுப்போடுவாள். பிறகு வாறவைக்கு, பிள்ளை பாஸ் பண்ணினதுக்கு என்னத்தைச் சாட்சி காட்டுறது, ரீச்சர்?"

பூஞ்சணம்

இரண்டு நாள் குழம்பினேன். தாவரவியல் படித்தவள்தான்; ஆனால் நுணுக்குக்காட்டியில் கண் வைத்து ஐம்பது வருடம். மிஞ்சியிருந்த ஒரு உண்மையோடு மறுபடி சல்லிக்குப் போனேன். உப்புக் காற்றடிக்கிற ஊரில் நுணுக்குக்காட்டியின் வில்லையை மூடியே வைத்தால் பூஞ்சணம் பிடித்து மங்கிவிடும் என்றேன். சுமதி பதறிப்போய்ச் சாவியை எடுத்தாள். ஒட்டுப் பிரிந்தது.

ஆரபி ஓடிப்போய்ச் செதிலை எடுத்து வந்து கண்ணாடித் துண்டில் வைத்தாள். அதற்குள் சுமதி குனிந்துவிட்டாள், பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க. பிறகு நிமிரவேயில்லை. "வளையம் வளையமா..." என்று முணுமுணுத்தாள். பதினைந்து வருடமாகச் செதில் சுரண்டுகிற கை. அந்தக் கையில் ஒட்டியிருந்த ஒன்றை உரித்து, அதையும் அவளே வைத்தாள். ஆரபி தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், நிலத்தில் காலை உதைத்தாள், கடைசியில் அழத் தொடங்கினாள். சுமதி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கொஞ்சம் பொறு பிள்ளை, நானே இன்னும் பாத்து முடியேல்லை."

பெட்டியின் மேல் 'எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். சுமதிக்கு முப்பத்தாறு, ஆரபிக்குப் பின்னால் வரிசையில் நின்ற எனக்கு எழுபத்தொன்று.