குளத்தின் தேதியை மறித்த வடிகட்டி

டாலிகஞ்சில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. கிடர்பூர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் முதல், தினமும் காலையில் அதன் படித்துறையில் எத்தனை படிகள் தண்ணீருக்கு மேலே தெரிகின்றன என்று டைரியில் எழுதி வந்தேன். பயன் கருதிச் செய்ததல்ல. ஆனால் அடுக்குமாடி கட்டி விற்கும் ஒரு புரமோட்டர், அங்கே குளமே கிடையாது, மழைநீர் தேங்கும் பள்ளம்தான் என்று மனுப் போட்டபோது, குடியிருப்பில் எல்லோரும் என் டைரிகளைத் தேடி வந்தார்கள்.

எனக்கு ஒரே பயம்தான். எல்லாவற்றையும் நேற்று உட்கார்ந்து எழுதினார் என்பார்கள். துறைமுகத்தில் முத்திரை விழாத தேதியை யாரும் நம்பியதில்லை. ஆகவே பக்கங்களைப் படமெடுத்து, கணினியில் அவற்றுக்குக் கைரேகை போல ஒரு வரிக் குறியீடு எடுத்தேன். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரி மாறிவிடும். அதை ஒரு பிட்காயின் பரிவர்த்தனைக்குள் வைத்து அனுப்பினால், பரிவர்த்தனைகளைப் பதிவு செய்யும் மைனர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கள் பொதுப் பேரேட்டில் சேர்ப்பார்கள். பிறகு அந்தத் தேதியை யாராலும் அழிக்க முடியாது.

மேல்மாடியில் ஒரு வங்காளி இளைஞர், ஜாதவ்பூரில் படித்தவர். என்னைக் காக்கு, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவார். பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து மற்றவர்களுக்குக் கடத்தும் கணினி ஒன்றை வீட்டிலேயே ஓட்டுகிறார். என் போனை அதனுடன்தான் இணைத்துத் தந்திருந்தார். துர்கா பூஜைக்கு முந்தின வியாழக்கிழமை அனுப்பினேன். ஏற்கப்படவில்லை என்று வந்தது. நெரிசல் போலும் என்று வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கட்டணத்தைக் கூட்டிக் கூட்டி அனுப்பினேன். அதே பதில்.

சப்தமி காலையில், அலுவலகங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்க, முதல் லாரி வந்து இடிபாடுகளைக் குளத்தில் கொட்டியது.

மாடிக்குப் போனேன். பணம் தவிர வேறு தகவல் சுமந்து வருவதைத் தன் கணினி கடத்தாதபடி வடிகட்டி போட்டிருப்பதாகச் சொன்னார். பெருமையாகவே சொன்னார்.

"காக்கு, அந்தப் பேரேடு பணத்துக்கு. மத்ததெல்லாம் ஸ்பேம்."

"என் குளமுமா?"

"உங்களுக்குன்னு தனி விதி போட முடியுமா?"

மறுநாள் அஷ்டமி. வேறொருவர் கணினி வழியாக அனுப்பினேன். சிறிது நேரத்தில் பேரேட்டில் ஏறிவிட்டது. அதே பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். குரங்குப் பொம்மைப் படங்கள், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் என் ஒரு வரியைப் போலப் பல நூறு மடங்கு. அவை எந்த வடிகட்டி வழியாகவும் வரவில்லை. பெரிய மைனர்களிடம் நேரே காசு கொடுத்து உள்ளே போனவை. கட்டணம் தருபவனை மைனர் ஏன் விடப்போகிறான்? கிடர்பூர் வாசலில் கூலிக்காரனின் மூட்டையை அவிழ்த்துச் சோதிப்பார்கள். சீட்டு வைத்திருக்கும் லாரி அடுத்த வாசலில் போய்க்கொண்டிருக்கும். வடிகட்டியால் ஸ்பேம் குறையவில்லை. இப்படிக் கணினிகள் கடத்தித் தரும் பொது வரிசையை மட்டும் நம்பியிருக்கும் சின்ன மைனர் வரும்படி இழந்தான், தனி வாசல் வைத்திருப்பவன் கொழுத்தான்.

இதை அவரிடம் சொன்னேன். எல்லோரும் வடிகட்டினால் நின்றுவிடும் என்றார். காசுக்கு ஆசைப்படும் ஒரே ஒரு மைனர் மிச்சமிருந்தால் போதுமே என்றேன். சிரித்தார்.

விசாரணையில் புரமோட்டரின் வக்கீல் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். லாரி சப்தமி, முத்திரை அஷ்டமி. குளம் மூடியபின் கோபத்தில் எழுதிச் சேர்த்த டைரிகள் என்றார். அதிகாரி தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து டைரியில் எழுதினேன்: படிகள் எதுவும் தெரியவில்லை. தண்ணீரால் அல்ல.