பாலமுனை வரைக்கும் ஒரு படகு

கல்முனையில் பிறந்து வளர்ந்தும், இருபத்தெட்டு வயது வரைக்கும் கால் நனைத்ததைத் தவிரக் கடலோடு எனக்கு வேறு பழக்கம் இருக்கவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். இரவில் அலைச் சத்தம் குசினி வரைக்கும் கேட்கும். ஆனாலும் எங்கள் பெண்களுக்குக் கடல் என்பது மீன் வருகிற இடம், அவ்வளவுதான். அதில் ஏறிப் போய்ச் சுற்றிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என் கணவர். குவைத்திலிருந்து அவர் கொண்டுவந்த சாமான்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான் என்று இன்றும் சொல்வேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் அங்கே ஒரு செல்வந்தர் வீட்டில் சாரதி. கோடை வந்தால் அந்தக் குடும்பம் வெயிலுக்குத் தப்பி சைப்ரஸுக்குப் போகும். பெட்டி தூக்கவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் இவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே ஒரு முழுப் படகைத் தங்களுக்கென்று வாடகைக்கு எடுத்து, நாள் முழுவதும் கரையோரமாகப் போவார்களாம். மத்தியதரைக் கடல் கண்ணாடி போலக் கிடக்குமாம். வெள்ளை வீடுகள் மலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்குமாம். பாறைக்குள் குகையும் குகைக்குள் நீலத் தண்ணீரும் இருக்குமாம். இதையெல்லாம் கசெட்டில் பேசி அனுப்புவார்.

அந்தக் கசெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த வீடுகளிலும் அப்போது கடிதத்தை விடக் கசெட்டுக்குத்தான் மவுசு. ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிடுவார். வந்த அன்று என் உம்மா ரேடியோவை நடு ஹோலில் வைப்பார். உம்மாவின் தங்கைகளான சாச்சிமாரும் அவர்களுடைய பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரும் பாய் விரித்து உட்காருவார்கள். என் கணவர் ஸலாம் சொல்லி, உம்மாவின் மூட்டுவலியில் தொடங்கி வீட்டு ஆட்டுக்குட்டி வரைக்கும் சுகம் விசாரித்து, கடைசியில், "நீயும் சுகமா இரி புள்ள" என்பார். இரண்டு வருடத்தில் எனக்கென்று கிடைத்தது அந்த நாலு சொல். நான் பதில் பேசி அனுப்பும்போதும் உம்மா பக்கத்திலேயே இருந்து, "தலையிடி எண்டு சொல்லிடாத, பாவம், யோசிப்பாரு" என்று அடியெடுத்துக் கொடுப்பார். எங்கள் நாலு வயது மகளுக்கு வாப்பா என்றால் அந்தக் குரல்தான். விளையாட்டு சலித்தால் வந்து, "வாப்பாவப் போடுங்க" என்பாள்.

இரண்டு மாத லீவில் வந்தார். திரும்பிப் போகத்தான் வந்தார். என் வயிற்றெரிச்சலெல்லாம் அதில்தான். எங்கள் பக்கத்தில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியிருப்பார். வீடில்லாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள். என் கணவருக்கு உம்மா, வாப்பா இருவரும் மௌத்து, உயிரோடு இல்லை. தங்கைகள் இரண்டு பேர். குவைத்தில் உழைத்த காசில் மூத்தவளுக்கு வீடு கட்டி முடித்துவிட்டார். அந்த வீட்டு விறாந்தையில் ஒரு தையல் மெஷினோடு இளையவள் இருந்தாள். அவளுக்கும் வீடு கட்ட இன்னொரு இரண்டு வருடம் போக வேண்டும். நானோ பெண்கள் பாடசாலையில் ஆசிரியை. என் சம்பளமும் நற்பிட்டிமுனையில் இருந்த வயலும் எங்கள் குடும்பத்துக்குத் தாராளம். போக வேண்டாம் என்று அவரிடம் ஒரே ஒரு தடவை, யார் காதிலும் விழாமல் சொல்லிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கே சொல்வது? பகலெல்லாம் விருந்தாளி. எங்கள் அறைச் சுவர் கூரையைத் தொடாது. நாங்கள் இருமினால் மறுபக்கத்திலிருந்து உம்மா கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்து நிற்பார். அதனால், "ஒரு போட் எடுத்துக் கரையோரமாப் பாலமுனை வரைக்கும் போயிட்டு வருவம், நானும் நீயும் மட்டும்" என்று என் கணவர் சொன்னபோது, எனக்கு சைப்ரஸும் வேண்டியிருக்கவில்லை, பாலமுனையும் வேண்டியிருக்கவில்லை. அந்த 'மட்டும்' போதும் என்றிருந்தது.

உம்மாவிடம் சொன்னோம். சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"கடலுக்கா? மீன் புடிக்கவா?"

"இல்ல மாமி, சும்மா பாக்க."

"பாக்கிறதுக்குக் கரையில நிண்டாக் காணாதா? ரெண்டு பேரும் தனியப் போனா ஊரு என்ன கதைக்கும்?"

"புருஷனும் பொஞ்சாதியும்தானே உம்மா," என்றேன்.

"அதத்தான் நானும் சொல்றன்," என்றார் உம்மா. அது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இரண்டே நாளில் பயணம் ஊர்வலமாகிவிட்டது. உம்மா வருகிறார், சாச்சிமார் இரண்டு பேரும் வருகிறார்கள், துணைக்கு என் கணவரின் இளைய தங்கையும் வருகிறாள், நெய்ச்சோறும் கோழிக்கறியும் சட்டியோடு வருகின்றன. என் கணவர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். எனக்கு ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை.

கச்சான் காற்று தொடங்கியிருந்த காலம். தரைப்பக்கமிருந்து வீசுகிற அந்தக் காற்றில் எங்கள் கடல் அடங்கிக் கிடக்கும். படகு, கல்முனையில் மீன்பிடிக்கிற ஒரு தமிழருடையது. என் மாமனாரின் கடையில் வலை நூல் வாங்கிய காலத்துப் பழக்கம். காலை மீனை இறக்கிவிட்டு, படகைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்திருந்தார். அது போதாதென்று என் கணவர் குவைத்திலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கம்பளத்தை உள்ளே விரித்தார்.

படகுக்காரர் கம்பளத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். "இதுக்கு மேல நிண்டு நான் எப்பிடித் தம்பி எஞ்சினை இழுக்கிற?" என்று கேட்டார்.

உம்மா படகில் ஏறுவதற்கென்று வீட்டிலிருந்து நாலு கால் மரக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முழங்காலளவு தண்ணீரில் அதைப் போட்டு, பிஸ்மி சொல்லி ஒரு காலை வைத்தார். அந்த நேரம் பார்த்து ஓர் அலை வந்தது. பெரிய அலை ஒன்றுமில்லை. படகு எழும்பி விழுந்தது, கதிரை கவிழ்ந்தது, உம்மா படகின் விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சலவாத்துச் சொன்னார். கதிரை தன்பாட்டில் மிதந்துபோனது. அதோடு ஒரு சாச்சிக்குத் தலைசுற்றல் வந்தது. மற்றவருக்கு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. என் மகள் உம்மாவின் கழுத்தை விடமாட்டேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் கரையில் நின்றார்கள், நாங்கள் படகில் இருந்தோம். எனக்கு அந்த அலையைக் கொஞ்ச வேண்டும் போல இருந்தது.

திரும்பிப் பார்த்தால், நெய்ச்சோற்றுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இளையவள் இருக்கிறாள். எல்லோருக்கும் முதல் ஏறிவிட்டிருக்கிறாள்.

"எனக்குப் பயமில்ல மதினி," என்றாள்.

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, இறங்கு என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்கு வீடு கட்டுவதற்காகப் போகாதீர்கள் என்று அவளை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது? இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்த பேச்சை மடித்து வைத்துவிட்டு, சட்டிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.

அலை முறிகிற இடத்தைத் தாண்டியதும் என் கணவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சைப்ரஸில் படகோட்டி ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி விளக்கம் சொல்வாராம். "நீங்களும் சொல்லுங்க அண்ணன்" என்றார்.

"இது சாய்ந்தமருது," என்றார் படகுக்காரர். கொஞ்சத் தூரம் போய், "இது காரைதீவு" என்றார்.

"வேற?"

"வேற என்ன தம்பி, அங்கால நிந்தவூர்."

என் கணவருக்கு முகம் வாடிப்போனது. வெள்ளை வீடு இல்லை, குகை இல்லை, கரை நெடுகத் தென்னை மட்டும்தான். நானோ கரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஊரே இல்லை. எங்கள் தெரு, பாடசாலை, சந்தை, பஸ் டிப்போ, என்னை எட்டிப் பார்க்கிற அத்தனை யன்னல்களும் அந்தப் பச்சைக்குள் மறைந்துவிட்டன. மினாராக்களும் ஒரு கோயில் கோபுரமும் மட்டும் அங்கங்கே தலைநீட்டின. அவற்றுக்கும் பின்னால், வயல்களுக்கு அப்பால், கடற்கரையில் நின்றால் தெரியாத மலைகள் நீலமாக நின்றன. காற்றில் முந்தானை தலையிலிருந்து நழுவியது. எடுத்துப் போட நான் அவசரப்படவில்லை. பிறகு எத்தனையோ பயணம் போயிருக்கிறேன், விமானத்திலும் ஏறியிருக்கிறேன். அந்த அரை மணித்தியாலம் போல ஒன்று பிறகு வாய்க்கவில்லை. என் கணவர் மௌத்தாகி வருடங்கள் போய்விட்டன. கச்சான் வீசத் தொடங்கினால் எனக்கு இன்றும் அந்த எஞ்சினின் மண்ணெண்ணெய் வாசனை வரும்.

நிந்தவூருக்கு நேரே, சாப்பிடுவதற்காக எஞ்சினை நிறுத்தினோம். ஓடும்போது தெரியாத ஆட்டம் நின்றதும் தெரிந்தது. என் கணவரின் முகம் வெளுத்தது. அடுத்த நிமிடம் குமட்டி, கம்பளத்திலேயே சத்தி எடுத்துவிட்டார். இளையவள் சட்டியை வைத்துவிட்டு ஓடிவந்து அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் ஊற்றினேன். எனக்குச் சிரிப்பும் வந்தது.

"அங்க நாள் முழுக்கப் போனீங்களே, இங்க கொஞ்ச நேரம் தாங்கல்லியா?" என்று கேட்டேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கண்ணைத் திறக்காமலே, "அங்கயும் இப்பிடித்தான் புள்ள," என்றார்.

"எப்பிடி?"

"ஏறினதும் சத்தி வரும். அவங்கட புள்ளைகள் சிரிக்கும். கீழ சாமான் அறைக்குள்ள போயிரு எண்டு முதலாளி சொல்லுவாரு. இறங்குறவரைக்கும் அங்கதான். நானும் ஒரு வாளியும்."

"அப்ப அந்த வெள்ள வீடு? குகை?"

"கடையில போஸ்ட் கார்ட் விக்கிறான். அதுல இரிக்கி."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு காலமும் பொய் சொல்லி என்னைப் பேய்க்காட்டியிருக்கிறாரே என்று. பிறகு, ரேடியோவைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கண்ணுக்குள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், நானும் ஒரு வாளியும் என்று எந்த மனிதர் பேசி அனுப்புவார்? எனக்குப் பேச இடமில்லாதது போல அவருக்கும் இடம் இருக்கவில்லை. அது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. என் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அப்போதுதான் இளையவள் தன் அண்ணனைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க இனிப் போக வேணாங் காக்கா. எனக்கு வீடு வேணாம்."

"வீடில்லாட்டி உன்ன ஆரு கேட்டு வருவான்?"

"வராட்டிப் போகட்டும். நான் தைச்சுத் திண்டுக்கிட்டு இரிக்கிறன்."

என் கணவர் படகின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லாத அளவுக்குக் களைத்திருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், காரியம் முடிந்துவிடும். நான் கேட்கத் தவித்தது கேட்காமலே என் மடியில் வந்து விழுந்துவிட்டது. ஆனால் அவளைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. பயமில்லை என்று முதல் ஆளாக ஏறியவள். காக்காவின் சத்தி பட்ட கையோடு, தன் கலியாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அழாமல் இருந்தாள். இந்த விலைக்கு என் புருஷனை வீட்டில் வைத்துக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்பேன்?

"என்ட பின் வளவு சும்மா தென்னையோடதானே கிடக்கு," என்றேன். "அதுல பாதிய உனக்கு எழுதித் தாறன். முதல்ல ஓலையால ஒரு வீடு போடுவம். மெதுமெதுவாக் கல்வீடாக்குவம். இவரு இஞ்சயே இருந்து கட்டட்டும்."

சாய்ந்து கிடந்த என் கணவர் எழும்பி உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் உம்மாவின் வளவு மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு. புருஷன் வீட்டாருக்கு அதில் ஒரு தென்னங்குரும்பை கூடச் சேராது. நான் தூக்கிக் கொடுத்தது என் நாலு வயது மகளின் பங்கை.

"மாமி விடமாட்டா," என்றார் என் கணவர்.

"விடமாட்டாதான்," என்றேன்.

அதுவரை எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்த படகுக்காரர், "பாலமுனைக்கு விடுறதா, திருப்புறதா?" என்று கேட்டார். திருப்பச் சொன்னோம். வரும் வழியில் நெய்ச்சோற்றை அவரும் இளையவளும் நானும் சாப்பிட்டோம். என் கணவர் கம்பளத்தைக் கடல் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

கரையில் என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உம்மா தனியாக நின்றார். வீட்டுக்குப் போனால் என் துணிவு போய்விடும் என்று எனக்குத் தெரியும். இறங்கி, நனைந்த சேலையோடு தண்ணீரிலேயே நின்று சொன்னேன்.

"உம்மா, இவரு இனிக் குவைத்துக்குப் போகல்ல. பின் வளவுல பாதிய இந்தப் புள்ளைக்கு எழுதிக் குடுக்கப் போறன். நீங்க சரி, ஓம் எண்டு சொல்லணும்."

ஊரைக் கூட்டுவார் என்று நினைத்தேன். வாப்பா மௌத்தான பிறகு மாமாமார் விற்கச் சொல்லி நெருக்கியபோதும் விட்டுக்கொடுக்காமல் எனக்காக வைத்திருந்த வளவு அது. உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இளையவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த வளவ உன்ட பேருக்கு ஏன் எழுதினன் தெரியுமா? நீ ஆரிட்டயும் போய் ஓம் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாதெண்டுதான். இப்ப என்னட்ட வந்து கேட்டுக்கிட்டு நிக்கிற."

அதைச் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். மறுநாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு நான் பின்பக்கம் போனபோது, உம்மா வளவின் நடுவே கயிறு பிடித்து முளை அடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கிணறு. கயிற்றுக்கு அப்பால், கிணறு இருந்த பாதியை இளையவளுக்கு விட்டிருந்தார்.