சிக்னல் கிடைத்த வளைவு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை காலை, கல்வராயன் மலைமேல் நடந்தது இது. மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் செவிலியர். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால், மருந்துப் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு மலைக்கிராமங்களுக்குப் போவேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் மதியச் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய்க்குப் பதில் ஷேர் மார்க்கெட்தான். மூன்று ரூபாயில் நான் வாங்கிய ஒரு கம்பெனிப் பங்கு ஒன்பது ரூபாயைத் தொட்டிருந்தது. துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த கம்பெனி திடீரென்று பெயரை மாற்றிக்கொண்டு, கல்வராயன் மலையில் சாமை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறோம் என்று அறிவித்திருந்தது. கூடவே ஒரு போட்டோ: கொட்டகை, பேனர், அதன் முன்னால் கூரை உயரத்துக்குச் சாமை மூட்டைகள்.

“நேத்து வரைக்கும் துணி வித்தவனுக்கு இன்னிக்கு சாமை எப்படிங்க தெரியும்?” என்றார் எங்கள் லேப் டெக்னீஷியன். மனிதர் எதிலும் குற்றம் கண்டுபிடிப்பவர்.

“மூட்டையப் பாருங்க சார், மூட்டை பொய் சொல்லுமா?” என்று நான் போனை அவர் மூக்கு வரை நீட்டினேன். வாய்ச்சண்டையில் நான் தோற்றதில்லை. அவர் மோர்ச்சாதத்துக்குப் போய்விட்டார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், மருந்து கொடுக்கும் பிரிவில் இருக்கும் என் தோழி. என்னைவிட ஏழு வயது சின்னவள். ரிஷிவந்தியத்தில் அவள் அம்மாவின் ஓட்டு வீடு ஒழுகும். அதைப் பிரித்துத் தளம் போடச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவளிடம் இருந்தது. “நீங்க சொன்னா சரிதாங்க்கா” என்று அத்தனைக்கும் அந்தப் பங்கை வாங்கக் கிளம்பிவிட்டாள். ஆனால் கிடைக்கவில்லை. ஒரு பங்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏறலாம் என்று வரம்பு உண்டு. இது தினமும் காலையிலேயே அந்த வரம்பைத் தொட்டுவிடும். பிறகு வாங்குபவர்கள் வரிசையில் நிற்பார்கள். விற்க ஆள் இருக்காது. மூன்று நாளாக அவளும் அந்த வரிசையில் நின்றாள்.

அன்று நான் போன கிராமத்தில் அங்கன்வாடி வாசலில் ஏழெட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊசியை எடுத்து வைத்துக்கொண்டே, பெருமைக்குத்தான், போனில் சேமித்து வைத்திருந்த அந்தப் போட்டோவை ஒரு பெண்ணிடம் காட்டினேன். “உங்க ஊர் சாமை வெளிநாடு போவப்போவுது, தெரியுமா?”

அவள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இன்னா நர்சம்மா, இது எங்க மூட்டையாச்சே! இந்தச் செவப்பு நூலு நான் தெச்சது.”

“வித்தீங்களா?”

“எங்க வித்தோம்? போட்டோ புடிக்கணும்னு ஊருல இருக்கற மூட்டையெல்லாம் கேட்டு வாங்கி அடுக்கினாங்க. புடிச்சி முடிச்சதும் தூக்கிக்கினு போங்கன்னுட்டாங்க. ஆளுக்கு ஒரு தொப்பி குடுத்தாங்க. என்து இன்னும் வூட்லதான் கீது, மூட்டையும் தொப்பியும்.”

மற்றவர்களும் சிரித்தார்கள். நான் போனை வாங்கி மணி பார்த்தேன். மணி ஒன்பது பத்து. ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறந்துவிடும். அந்தக் கிராமத்தில் சிக்னல் கிடையாது. மூன்று கிலோமீட்டர் கீழே ஒரு வளைவில்தான் வரும். “பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்று தாய்மார்களை உட்கார வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அதுவே தப்பு. அந்த இறக்கத்தில் பிரேக்கே பிடிக்காமல் போனேன்.

வளைவில் நின்றபோது மணி ஒன்பது பதினெட்டு. சிக்னல் வந்தது. தோழிக்கு போன் செய்ய அவள் பெயரைத்தான் முதலில் எடுத்தேன். விரல் நின்றுவிட்டது. இவளிடம் சொன்னால் விளக்கம் கேட்பாள், லேப் சாருக்குத் தெரிந்துவிடும், அவர் பத்துப் பேருக்குச் சொல்வார், வாங்குகிற வரிசை கலைந்துவிட்டால் என் ஆறாயிரம் பங்கும் குப்பை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆப்பைத் திறந்து எல்லாவற்றையும் விற்கப் போட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் விற்றுவிட்டது.

அப்புறம்தான் அவளுக்கு போன் செய்தேன்.

“அக்கா! கெடச்சிடுச்சிக்கா!” என்று கத்தினாள். “மூணு நாளா நின்னுக்கினு இருந்தேன். இப்பதான், ரெண்டு நிமிஷம் ஆவுது, மொத்தமா கெடச்சிது. யாரோ புண்ணியவான் வித்துருக்கான்!”

யாருடைய பங்கு யாருக்குப் போகிறது என்று மார்க்கெட்டில் தெரியாது. ஆனால் நான் முதலில் போன் செய்திருந்தால் அவள் ஆர்டரை ரத்து செய்திருப்பாள். அது எனக்குத் தெரியும். மூட்டைக் கதையைச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். அந்த வகைப் பங்கை வாங்கிய அன்றே விற்கவும் முடியாது. மறுநாள் விலை சரிந்தே திறந்தது. இப்போது விற்பவர்கள் வரிசை. வாங்க ஒருவரும் இல்லை.

அன்று மேலே திரும்பிப் போய், காத்திருந்த பிள்ளைகளுக்கு ஊசி போட்டேன்.

மறுநாள் மதியம் அவள் டப்பாவைத் திறக்காமல் கேட்டாள். “நீங்க எப்பக்கா வித்தீங்க? எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

பொய் வாய் வரை வந்தது. “முன்னாடி” என்றேன்.

என் பணத்தில் பாதியை எடுத்துக்கொள் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். “வேணாங்க்கா, வாங்குனது நான்தானே” என்றுவிட்டாள். இன்றும் என் பக்கத்தில்தான் சாப்பிடுகிறாள். குழம்பு ஊற்றினால் வாங்கிக்கொள்கிறாள். எதற்கும் என்னிடம் யோசனை மட்டும் கேட்பதில்லை. அந்த வளைவில் அவள் ஞாபகம் எனக்கு வரவே இல்லை என்றால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன். முதலில் வந்ததே அவள் ஞாபகம்தான், வந்த பிறகும் விற்றேன் என்பதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.