அண்ணாவின் தூளும் அந்த ஒப்பந்தமும்

அந்தக் கோதாரி விழுந்த ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. கொழும்பில் ஒரு மந்திரி எழும்பி, இந்தியாவோடு சுதந்திர வர்த்தகம் வந்தால் நாடு நிமிர்ந்துவிடும் என்பார். அடுத்த கிழமையே டொக்டர்மார், கணினி வேலைக்காரர், கமக்காரர் என்று ஒவ்வொரு கூட்டமாகப் பதாகை பிடித்துக்கொண்டு தெருவில் இறங்குவார்கள். ஆட்சி மாறும், மந்திரி மாறுவார், பேச்சு மட்டும் மாறாது. இத்தாலியில், பலேர்மோவில் வீடு கூட்டி, படி கழுவிச் சீவிக்கிற உங்களுக்கு அதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். அந்தப் பேச்சு என் சமையலறைக்குள் வந்து, என் அண்ணாவையும் என் கணவரையும் பிரித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

எங்கள் ஆட்களில் இந்த ஊருக்கு முதலில் வந்தவர் அண்ணாதான். அவருக்குப் பின்னால் வந்தவர் என் கணவர். இருவரும் ஒரே அறையில் ஒரே கட்டிலில் ஆள் மாறி ஆள் படுத்தவர்கள். ஒருவர் வேலைக்குப் போக மற்றவர் நித்திரை கொள்வார். "ஆள் தங்கம், வாய்தான் கொஞ்சம் கூட" என்று என்னிடம் சொல்லித்தான் அண்ணா என்னை இவருக்குப் பேசினார். வாயைப் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எனக்கும் வாய் குறைவில்லை என்பதை அவர் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை, அது வேறு கதை. அண்ணா கல்யாணம் கட்டவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தார், என் பிள்ளைகள் அவருடைய முதுகில் ஏறித்தான் வளர்ந்தார்கள்.

அண்ணாவுக்கு நகர நடுவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் வேலை. ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரைப் பார்ப்பது. குளிப்பாட்டி, சவரம் செய்து, மருந்து கொடுத்து, பின்னேரங்களில் அவரோடு சீட்டு விளையாடுவது வரைக்கும் எல்லாம் அண்ணாதான். இங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவர் தன் வேலையைச் சொந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார், திரும்பி வந்ததும் வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார். வேலை கொடுத்த வீட்டுக்கும் தெரியாத பிறத்தி முகம் வராது, எங்கள் கையை விட்டு இடமும் போகாது. அண்ணா ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பேராசிரியர் வீட்டில் நின்றவர் என் கணவர். பேராசிரியருக்கு இருவரும் ஒன்றுதான். சீட்டில் மட்டும் இவர் களவு செய்வதாக முறைப்பாடு.

அண்ணா கிளிநொச்சியில் ஒரு தூள் மில் போட்டார். செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்துப் பைக்கற்றில் அடைக்கிற மில். "வயசு போன காலத்திலை இன்னொருத்தன்ரை முதுகு தேய்க்கேலாது தங்கச்சி, இனி என்ரை மில்லிலை கதிரை போட்டு இருக்கப்போறன்" என்பார். இத்தனை வருட உழைப்பும் அதற்குள்தான் போனது. முதல் அரைத்த தூளில் ஒரு பைக்கற் விமானத்தில் வந்தது. அதை மலைமேல் குகைக்கோயிலில் இருக்கும், இந்த ஊரைக் காக்கிற புனிதைக்கு வைக்க வேண்டும் என்று ஒரே பிடி. நெற்றியில் திருநீற்றோடு நடந்தே மலை ஏறினோம். வெள்ளிக் காலும் வெள்ளிக் கண்ணும் நேர்த்திக்கு வைக்கிற இடத்தில் அண்ணா கறித்தூளை வைத்தார். பைக்கற் ஒழுங்காக ஒட்டுப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் மெழுகுதிரி விற்கிற கன்னியாஸ்திரி தும்மத் தொடங்கினா, பிறகு குகை முழுக்கத் தும்மல். நாங்கள் மூவரும் சிரித்துச் சிரித்து இறங்கி வந்தோம். மூவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

அந்த நாட்களில் ஒப்பந்தப் பேச்சு திரும்பவும் கிளம்பியிருந்தது. எல்லார் கைபேசியிலும் அதே விவாதம்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அண்ணா தொடங்கினார்.

"கையெழுத்து வைச்சாங்களெண்டால் எங்கடை மில் எல்லாம் சரி, முடிஞ்சுது. அங்கத்தைப் பெரிய பெரிய கொம்பனியளோடை நாங்கள் எப்பிடி நிக்கிறது?"

இவர் சோற்றைக் குழைத்தபடியே கேட்டார். "மச்சான், உம்மடை மில்லுக்குச் செத்தல் மிளகாய் எங்கையிருந்து வருகுது?"

"இந்தியாவிலையிருந்துதான்."

"அப்ப மிளகாய் வரலாம், தூள் வரப்படாதோ? நல்ல ஞாயம்!"

நான் சிரித்துவிட்டேன். அண்ணாவும் கொஞ்சம் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் எதைத்தான் அதோடு விட்டார்கள்?

"விசர்க்கதை கதையாதையும்" என்றார் அண்ணா. "முதல் மலிவாய்த் தருவாங்கள். எங்கடை மில்லுகள் பூட்டினாப் பிறகு விலையை ஏத்துவாங்கள். பிறகு ஆரட்டைப் போய்க் கேக்கிறது? சாமான் மட்டுமே வரும்? ஆக்களும் வருவினம். எங்கடை பொடியளின்ரை வேலையும் போகும்."

"வெளியிலையிருந்து வந்து வேலையைப் பறிக்கிறாங்கள் எண்டு நீர் சொல்லுறீரோ? நாங்கள் ஆர் மச்சான் இந்தப் பலேர்மோவிலை?"

"நாங்கள் ஆற்றையும் வேலையைப் பறிக்கேல்லை. இஞ்சத்தைச் சனம் செய்யமாட்டம் எண்டு விட்ட வேலையைத்தான் செய்யிறம்."

"அதை அவையட்டைக் கேட்டுப் பாரும். அங்கை சனம் ஒரு நேரக் கறிக்கு வழியில்லாமல் நிக்குது. உம்மடை மில்லைக் காப்பாத்த ஊர் முழுக்கக் கூட விலை குடுக்க வேணுமோ?"

உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கடதாசிக்காக இரண்டு பேரும் சன்னதம் ஆடினார்கள். இவருக்கு வாய் சும்மா கிடக்காதே! மேசையில் இருந்த, மில்லிலிருந்து பிறகு வந்த தூள் பைக்கற்றைக் கையால் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"உம்மடை தூளை ஆர் வாங்கப்போகினம்? நான் எண்டாலும் வாங்கமாட்டன்."

அண்ணா பாதிச் சாப்பாட்டில் எழும்பினார். என் வீட்டில் அப்படி ஒருவர் எழும்பியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. கையைக் கழுவினார், சேர்ட்டை மாட்டினார், "வாறன் தங்கச்சி" என்றார். அந்தக் கிழமையே பக்கத்து ஊரான பகேரியாவில் யாரோ தெரிந்தவரோடு அறை எடுத்துப் போய்விட்டார். பொலிதேயாமாவுக்கு ரயிலில் வந்து போனார். இவரோ, "கோவம் ஆறினால் வருவார்" என்று சொல்லிக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்தார். ஆறவில்லை.

பிறகுதான் அண்ணா அந்த மடைத்தனத்தைச் செய்தார். செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள், நான் திட்டத்தான் செய்வேன். மில் இயந்திரம் பழுதென்று அவசரமாக ஊருக்குப் புறப்பட்டார். வழக்கப்படி பேராசிரியர் வீட்டில் இவரை விட்டுப் போயிருக்க வேண்டும். கேட்டால் தலை இறங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, ரயிலில் பழக்கமான ஒரு பங்களாதேஷ்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வெளி ஆட்களை விடக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்தின மனுசன், தன் இடத்தில் தானே வெளி ஆளைக் கொண்டுவந்து வைத்தார்.  கேள்விப்பட்ட அன்று இவருடைய முகம் கறுத்துப் போயிற்று.

ஊரில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லை, டீசல் இல்லை, மிளகாய் இறக்க டொலர் இல்லை. ஒப்பந்தம் வராமலே மில் நின்றது. இயந்திரத்தை ஓட்டப் பார்த்துப் பார்த்து அண்ணா அங்கேயே மினக்கெட்டார். அதற்குள் இங்கே அவருடைய பெர்மெஸ்ஸோ, அதுதான் எங்களுடைய வதிவிட அனுமதி, முடிந்துவிட்டது. வேலை இருந்தால் ஏதாவது செய்யலாம் என்று பேராசிரியரின் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். "அப்பாவுக்குப் புதியவர் பழகிவிட்டார், திரும்ப மாற்ற முடியாது" என்று அந்த அம்மா, நாங்கள் சிஞோரா என்று கூப்பிடுகிறவ, சொல்லிவிட்டா. அவவிலும் பிழை சொல்ல முடியாது.

அண்ணா என்னோடு பேசுவார், இவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. மழை பெய்ததா, என் முழங்கால் நோ எப்படி, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் கேட்பார்.

"அவர் பிரஷர்க் குளிசை ஒழுங்காய்ப் போடுறாரோ?"

"அவரட்டையே கேளுங்கோவன்" என்பேன்.

"சரி, வைக்கிறன்" என்பார்.

பங்களாதேஷ்காரருக்கு மிலானில் ஒரு வேலை கிடைத்து அவர் போனபோது, சிஞோரா இவரைத்தான் கூப்பிட்டா. இவர் போனார். வேலையை ஏற்றுக்கொள்ள அல்ல. "இது என் மச்சானுடைய இடம். அவனை முறைப்படி கூப்பிட விண்ணப்பம் போடுங்கள், அவன் வரும்வரை நான் நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். சிஞோராவும் நல்ல மனுசி, சம்மதித்தா. காலையில் தன் வழக்கமான படிகளைக் கழுவிவிட்டு இவர் நேரே அந்த வீட்டுக்குப் போவார். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஆள் மாறி ஆள் அலைந்தோம்.

"அண்ணாட்டைச் சொல்லுங்கோ" என்றேன். "சந்தோஷப்படுவார்."

"கடதாசி வரட்டும். கையிலை ஒண்டும் இல்லாமல் என்னெண்டு கதைக்கிறது?"

"அப்ப நான் சொல்லுறன்."

"வேண்டாம். நான்தானே சொன்னனான் அந்தக் கதை. நானே கூப்பிடுறன்."

நான் விட்டுவிட்டேன். இரண்டு பேரும் பேச வேண்டும் என்பதுதானே என் ஆசையும். கடதாசி வருவதற்கு முன்பே செய்தி வந்தது. மில் வாசலில் கதிரை போட்டு இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டது. ஐயோ என் அண்ணா! தன் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமலே போய்விட்டார். இவர் கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. எனக்கு அப்போது இவர்மேல் வந்த கோபத்தை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

பேராசிரியருக்கு இப்போது ஞாபகம் தப்பி வருகிறது. அண்ணா செத்த செய்தியை முதலில் சொன்னார்கள், குழந்தைபோல் அழுதாராம். அடுத்த நாள் மறந்துபோய் திரும்பக் கேட்டார், சொன்னதும் புதிதாய் அழுதார். இனி யாரும் சொல்ல வேண்டாம் என்று சிஞோரா கண்டிப்பாகச் சொல்லிவிட்டா.

போன வாரம் அவருடைய கட்டிலை மாற்றிப் போட உதவிக்கு நானும் போயிருந்தேன். மேசையில் இவருடைய கைபேசி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பில் யாரோ யாரோடோ ஒப்பந்தம் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். இவர் எட்டி அதை நிறுத்திவிட்டு, பேராசிரியரின் நாடியில் சவரத்துக்குச் சவர்க்கார நுரை பூசத் தொடங்கினார்.

"அவன் எப்போது வருகிறான்?" என்று கேட்டார் பேராசிரியர்.

"அடுத்த மாதம் வருகிறான், புரொபெஸோரே" என்றார் இவர், நுரை பூசுவதை நிறுத்தாமல். "அங்கே மில்லில் வேலை கூட. அவனுடைய தூளுக்குச் சனம் வரிசையில் நிற்கிறது, அவனால் விட்டுவிட்டு வர முடியவில்லை."

"அவ்வளவு நல்ல தூளா?"

"நான் வேறு தூள் வாங்குவதே இல்லை" என்றார் இவர்.

பேராசிரியர் சந்தோஷமாகச் சிரித்தார். நான் துவாய் எடுக்கிற சாட்டில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.