மூன்றாவது தாளில் இருந்த எண்

பிளஸ் டூ முடித்த அந்தக் கோடையில் நான் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். சும்மா சொல்லக்கூடாது, கண் இமைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் வாங்கித் தந்த ரோஸ்மில்க்கையும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

எண்பதுகளின் பிற்பாதி. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு உதிரிபாகத்திலும் குத்தியிருக்கும் நம்பரையும் சீட்டில் இருக்கும் நம்பரையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு எண் மாறியிருந்தாலும் பெட்டி வந்த வழியே திரும்பிப் போகும். பெரிய அதிகாரி வந்து தோளைத் தட்டினாலும் பேனா திறக்காது. "அந்தாள்கிட்ட பேச முடியாதுப்பா" என்று கூட வேலை பார்ப்பவர்களே தலையில் அடித்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு இதில் பெருமை தாங்காது. மாதர் சங்க ஜெபத்தில் கூட எப்படியாவது இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

அந்த அம்மாவுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே பட்டம் பி.காம். எதிர் பிளாக் அக்கா பி.காம் முடித்து வங்கியில் சேர்ந்து, மாலையில் கைப்பையை ஆட்டிக்கொண்டு ரயிலடியிலிருந்து நடந்து வருவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. எனக்கோ இலைப் பைத்தியம். ஏரிக்கரைக்குப் போனால் கை நிறையத் தழையோடு வருவேன். வீட்டில் கனமான புத்தகம் அம்மாவின் வேதாகமம் ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றையும் அதில்தான் வைத்து அழுத்துவேன். லேவியராகமத்தைத் திறந்தால் பூவரசு விழும். "வேதப் புஸ்தகத்துல தழைய வெச்சிகினு, ஆடா நீயி?" என்று அம்மா கத்துவாள்.

இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டோம். ஒன்று, ரயிலில் அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய மகளிர் கல்லூரி, பி.காம். மற்றது வாணியம்பாடி தாண்டி ஒரு மலையடிவாரத்தில், தாவரவியல், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். இரண்டாவதற்கு நான் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து வாங்கிய சம்மதம். அதுவும் அரைச் சம்மதம்தான். "பக்கத்துல கெடைச்சா பக்கத்துலதான். கெடைக்கலன்னா அப்பால பாக்கலாம்" என்று அப்பா முடித்துவிட்டார். அதாவது பக்கத்துக் கல்லூரிப் பட்டியலில் என் பெயர் இருந்தால் என் கதை அங்கேயே முடிந்தது.

பட்டியல் ஒட்டிய அன்று அப்பா ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். கேட்டுக்கு வெளியே வண்டியோடு நின்றுகொண்டு, "நீ போயி பாத்துகினு வா" என்றார். பெண்களின் முழங்கைகளுக்கு நடுவே புகுந்து பலகையிடம் போனேன். வரிசை வரிசையாக விண்ணப்ப எண், பக்கத்தில் ஆங்கிலத்தில் பெயர். மூன்றாவது தாளில் நான் இருந்தேன். பக்கத்தில் ஒருத்தி தன் பெயரைப் பார்த்துவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து, "இல்ல நைனா" என்றேன்.

"நல்லா பாத்தியா?"

"மூணு வாட்டி பாத்தேன்." அது மட்டும் நிஜம். இல்லாமல் போகாதா என்றுதான் மூன்று முறை பார்த்தேன்.

"வண்டியப் பாத்துக்க, தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று உள்ளே போனார். தண்ணீர்க் குழாய் அந்தப் பலகைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எனக்குத் துளிப் பயம் இல்லை. ஆறாவதோடு படிப்பை விட்டவர், ஆங்கிலத்தில் தன் பெயரையே படம் வரைகிற மாதிரிதான் எழுதுவார். திரும்பி வந்து, "ரோஸ்மில்க் குடிக்கிறியா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டு என்னை வாணியம்பாடிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் போகலாம் என்றேன். கேட்கவில்லை, ஸ்கூட்டர்தான் என்றார். அம்மா புளிசோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று கண்ணைத் துடைத்தாள். "கிட்ட இருந்த காலேஜ்காரன் எடம் குடுத்திருந்தா இவ்ளோ பேஜாரே இல்ல" என்றாள். நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பயணத்தில் அப்பா ஊருக்கு ஊர் வண்டியை நிறுத்தினார். பூந்தமல்லியில் டீ. ஸ்ரீபெரும்புதூரில் டீ. வாலாஜாவில் வண்டிக்கு ஓய்வு என்றார். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. டீயை ஆற்றிக்கொண்டே, "அப்பால? வேற இன்னா?" என்பார். "ஒண்ணும் இல்ல நைனா" என்பேன். திரும்பக் கிளம்புவோம். இந்த மனுஷனுக்கு இன்றைக்கு என்ன ஆயிற்று, மாட்டுவண்டியில் போனாலும் இதற்குள் போயிருக்கலாமே என்று எனக்குள் எரிந்தது. வேலூரில் இன்னொரு கல்லூரியையும் கேட்டுப் பார்ப்போம் என்று போனோம். விண்ணப்பம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று காவலாளி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார். அன்றிரவு அங்கேயே அத்தை வீட்டில் தங்கினோம்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கெல்லாம் அந்த மலையடிவாரக் கல்லூரிக்குப் போய்விட்டோம். எனக்கு இடம் இருந்தது. சந்தோஷத்தில் காது அடைத்துக்கொண்டது. அப்போதுதான் ஆபீஸில் இருந்த எழுத்தர் இன்னொரு தாளை எடுத்து அப்பா முன் வைத்தார்.

"இது ஹாஸ்டலுக்கு. இருக்கிறதே கொஞ்சம் இடம். வீட்டுக்குப் பக்கத்துல எந்தக் காலேஜ்லயும் கிடைக்காத பொண்ணுங்களுக்குத்தான் கொடுக்கிறோம். கிடைக்கலைன்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். பிறகு மூடியைத் திரும்பவும் போட்டார்.

"ஆபீசு எத்தினி மணி வரிக்கும் சார்?"

"நாலு."

"பாட்டனி புள்ளைங்கல்லாம் இந்த மலை மேலயா ஏறும்?"

"மாசம் ஒரு தடவை கூட்டிட்டுப் போவாங்க."

"பாத்துட்டு வந்து போடறேன்" என்று எழுந்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு கையெழுத்து, அரை நிமிஷ வேலை. அதற்கு ஒரு மலையா? வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன். ஆடு மாடு ஓட்டுகிறவர்கள் போகிற ஒற்றையடிப் பாதை. அவர் தொழிற்சாலையில் கொடுத்த கனத்த ஷூவில் டக் டக்கென்று முன்னால் ஏறினார். நான் ரப்பர் செருப்பு. பாதி தூரத்தில் வார் பிய்ந்துகொண்டது. அப்பா உட்கார்ந்து, என் தாவணியிலிருந்த ஊக்கை வாங்கி, வாரைக் கோத்துக் கொடுத்தார். அப்படியே பாறையில் சாய்ந்து, அத்தை கட்டிக் கொடுத்த இட்லியைப் பிரித்தோம்.

"ஒன் ஜீரோ ஃபோர் செவன்" என்றார்.

"இன்னா நைனா?"

"உன் நம்பரு. மூணாவது காயிதம். மேலேர்ந்து ஏழாவது."

இட்லி கையிலேயே நின்றது.

"பேருதான் எனக்குப் படிக்க வராது" என்றார். "நம்பரு வராதுன்னு உனக்கு எவன் சொன்னான்? இருவது வருசமா வேற இன்னா பண்ணிகினு கீறேன் நானு?"

வெட்கப்பட வேண்டியவள் நான். ஆனால் எனக்கு எப்போதும் வெட்கத்துக்கு முன்னால் கோபம்தான் வரும். "தெரிஞ்சிகினே எதுக்கு இம்மாந்தூரம் இஸ்துகினு வந்த? வேணும்னே பண்றியா?" என்று கத்தினேன்.

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். பூந்தமல்லில சொல்லுவ, வாலாஜால சொல்லுவன்னு நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். வவுத்துல டீ ரொம்பினதுதான் மிச்சம்."

அப்புறம்தான் அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பி.காம் என்று நினைத்தாலே மூச்சு முட்டுகிறது என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னா வுட்டிருப்பியா?"

அவர் ஒரு இட்லியைத் தின்று முடித்தார். "வுட்டிருக்க மாட்டேன்" என்றார். அந்த உண்மையைக் கேட்டு எனக்கு இன்னும் அழுகை வந்தது.

"சரி, வா நைனா. எறங்கலாம். அங்க பணம் கட்ட திங்கக்கெழம வரிக்கும் டைம் கீது. பி.காமே படிக்கிறேன். நீ பொய்க் கையெயுத்துப் போட வேணாம்."

நிஜமாகத்தான் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். கீழே இறங்கவில்லை, மேலே நடந்தார். "மேல இன்னா கீதுன்னு பாக்காமலே எறங்கினா எப்டி?" என்றார்.

கொஞ்ச தூரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். எவ்வளவு நேரம் அப்படி இருக்க முடியும்? சரிவெல்லாம் காட்டுச் சீத்தா. வெட்பாலை இலையைக் கிள்ளினால் பால் வடிந்தது. பாடப்புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்ததெல்லாம் பச்சையாக நின்றால் வாய் சும்மா இருக்குமா? அப்பா ஒவ்வொன்றாக, "இது இன்னா?" என்று கேட்டார். நான் சொன்னேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கூர் நுனியோடு தடித்த இலைச் செடி ஒன்றைக் காட்டிக் கேட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியல நைனா."

அவர் அதில் ஒரு கொத்தைக் கிள்ளிச் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "படிச்சிட்டு வந்து சொல்லு" என்றார்.

மூன்றரை மணிக்கு மறுபடி அந்த ஆபீஸில் இருந்தோம். அப்பா தாளை நேராக வைத்துக்கொண்டார். ஸ்டோரில் செய்கிற மாதிரியே என் விண்ணப்ப எண்ணுக்கு அடியில் ஆள்காட்டி விரலை வைத்து, ஒவ்வொரு எண்ணாக நகர்த்திச் சரிபார்த்தார்.

"வீட்டுக்குப் பக்கத்துல எங்கயும் கிடைக்கலல்ல?" என்று எழுத்தர் கேட்டார்.

"இல்ல சார். நானே பாத்தேன்."

கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. கிழிக்கவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை நான். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.

வெளியே வந்து ஸ்கூட்டரைச் சாய்த்து நிமிர்த்தினார். "நம்பரு இருந்து இல்லன்னு கையெயுத்துப் போட்டது இதான் மொத வாட்டி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அம்மாவுக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டா." திரும்பும்போது வேலூரில் மட்டும்தான் வண்டியை நிறுத்தினார்.

முதல் லீவுக்கு வந்தபோது அந்தச் செடியின் பெயரைச் சொன்னேன். லத்தீன் பெயர்தான், அவருக்கு வாயில் நுழையவில்லை. காய்ந்த கொத்து அம்மாவின் வேதாகமத்துக்குள் இருந்தது. யார் வைத்தது என்று அம்மா என்னைத்தான் திட்டினாள்.

ஆனால் அந்த மூன்று வருஷமும் அம்மாவுக்குத்தான் தண்டனை. ஞாயிற்றுக்கிழமை கறிக் குழம்பு வைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது என்று அப்பா கடிதத்தில் எழுதுவார். எனக்கு இடம் கொடுக்காத அந்தக் கல்லூரியை அவள் மன்னிக்கவே இல்லை. நான் படித்து முடித்து, ஆசிரியை வேலைக்குச் சேர்ந்து, அப்பா ரிடையராகி வேப்பம்பட்டில் சின்னதாக வீடு கட்டிக் குடிபோன பிறகும் ரயிலில் அந்தக் கல்லூரிச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் திட்டுவாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக மூன்று பேரும் வேப்பம்பட்டில் ரயில் ஏறினோம். அப்பா ஜன்னலோரம். கல்லூரிச் சுவர் வந்தது. "பாவிங்க. என் பொண்ணுக்கு எடம் இல்லன்னுட்டானுங்களே. கர்த்தர் பாத்துக்குவாரு" என்று அம்மா ஆரம்பித்தாள். பத்து வருஷத்துக்கு மேலாகக் கேட்டது. அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"அம்மா, போதும். அங்க எனக்கு எடம் கெடைச்சிது. நான்தான் இல்லன்னு பொய் சொன்னேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னாங்க சொல்றா இவ?"

அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார். அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல. நானே பாத்தேன்" என்றார்.

அம்மாவுக்கு உடனே முகம் தெளிந்துவிட்டது. "கேட்டியா? ஜென்மத்துல ஒரு நம்பரத் தப்பாப் பாக்காத மனுசன். நீதான்டி சரியாப் பாத்திருக்க மாட்ட."

"ஆமாம்மா" என்றேன். "நான்தான் சரியாப் பாக்கல."

அம்மா கூடையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து எனக்கும் அவருக்கும் உரித்துக் கொடுத்தாள்.