கணக்கப்பிள்ளை எழுந்து கொடுத்த சீட்

டைபாய்டு என்கிற நெருப்புக் காய்ச்சல் விட்டுப் பத்து நாளில் என் இடது கண் இரத்தமாய்ச் சிவந்து, வெளிச்சம் பட்டாலே குத்தியது. பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் இன்று ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டார். "காய்ச்சலுக்குப் பின்னால சிலருக்குக் கண்ணுக்குள்ள இப்படி வீங்கும்மா. யாருக்கும் தொத்தாது. பார்வைக்கு ஒன்னும் ஆகாது. ஆனா ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், வெயில்ல தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாதீங்க" என்றார்.

தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையிடம் எப்படி லீவு கேட்பது என்ற யோசனையோடு வீடு திரும்ப நோர்வூட் பஸ்ஸில் ஏறினால், அவரே முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் அவர் பக்கத்தில்தான் எனக்கு நிற்க இடம் கிடைத்தது.

என் கண்ணைப் பார்த்ததும் பதறினார்.

"ஏ புள்ள, கண்ணு நோவா? எனக்கும் ஒட்டிக்கும், தள்ளி நில்லு!"

"எங்கங்கய்யா தள்ளுறது? இடமில்லீங்களே."

சட்டென எழுந்து பின்னால் போய்விட்டார். நான் உட்கார்ந்தேன். அவர் நிற்க நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

பின்னாலிருந்து சத்தம் போட்டார்: "ஒரு கிழமைக்கு வேலைக்கு வராத! காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்களத்துப் பக்கமே தலை காட்டாத!"

"சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னேன்.

தொத்தாது என்று சொல்லியிருக்க வேண்டுமோ? நீங்களே சொல்லுங்கள். ஆனால் அவர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.