தைத்த சட்டைப்பை

இன்டர்வியூவுக்கு வாங்கிய புதுச் சட்டையில் பையின் வாய் தைத்தே இருந்தது. பிரிக்க பிளேடை எடுத்தவன் அப்படியே நின்றேன்.

அப்பா பழைய பாக்ஸர். தலையில் வாங்கிய குத்தெல்லாம் நாற்பது வயதில் மறதியாகத் திரும்பி வந்தது. வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கு இரண்டு முறை பீடிக்கு வைத்திருந்த தீப்பெட்டியோடு போய்விட்டார்.

"யோவ் பாக்ஸரு, அம்புட்டுப் பேரையும் எரிச்சிருவ போலயே! இன்னொருக்கா கொண்டாந்தா வேலை கிடையாது" என்றார் வாட்ச்மேன்.

அம்மா அவருடைய சட்டைப் பைகளையெல்லாம் வாயை மூடித் தைத்துவிட்டாள்.

"யாருலே இத தச்சது?"

"அம்மாதாம்ப்பா."

செருப்பு மாட்டும்போது மறுபடி கேட்டார். தெருமுனையிலும் கேட்டார். எனக்குச் செம சிரிப்பு.

மதியமே திரும்பி வந்துவிட்டார். பை தைத்திருந்ததால் தீப்பெட்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கம்பெனிக்குள் போயிருக்கிறார்.

பிளேடை வைத்துவிட்டேன். பேனாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இன்டர்வியூவுக்குக் கிளம்பினேன்.